கண்ணில் பூ விழுந்த கதை

"அவருக்கு ஒரு கண்ணுல பூ விழுந்துடுச்சு, பாவம்." ஊர்ப்பக்கம் வளர்ந்த எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். தெருவுக்கு ஒருவராவது அப்படி இருப்பார். கருவிழியின் மேல் மல்லிகை மொட்டை ஒட்டவைத்த மாதிரி வெள்ளையாக ஒரு தழும்பு. இவ்வளவு கொடுமையான விஷயத்துக்கு இவ்வளவு அழகான பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. சிலர் கண்புரையையும் பூ என்றே சொல்வார்கள். அது வேறு. புரை என்பது கண்ணுக்கு உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். நான் சொல்லவந்த பூ வெளியே, கண்ணின் முன் கண்ணாடியிலேயே விழுவது. பெரும்பாலும் ஒரு புண் ஆறிய இடத்துத் தழும்பு அது.

நான் டாக்டர் இல்லை, புனேயில் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிறவன். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு கண் இப்படிப் போயிருக்கிறது. அதனால் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு ஆச்சரியம். இந்த நோயைப் பற்றி உலகம் இன்று தெரிந்துவைத்திருப்பதில் ஒரு பெரும் பங்கு நம் மதுரைப் பக்கத்து விவசாயிகளின் கண்களிலிருந்து வந்தது. அதை யாரும் நமக்குச் சொன்னதில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள் :-)

முதலில் கருவிழி. பெயரில் கருமை இருந்தாலும் அது கண்ணாடி மாதிரி நிறமே இல்லாதது. நாம் பார்க்கும் கருப்பும் பழுப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் பாவையும் திரையும்தான். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவு. வெளிச்சம் தடங்கல் இல்லாமல் போகவேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாயே கிடையாது. அதுதான் அதன் பெருமை, அதுதான் அதன் பலவீனமும். கையில் முள் குத்தினால் ரத்தத்தோடு வெள்ளை அணுக்கள் ஓடிவந்து சண்டை போடும். கருவிழிக்கு உதவி ஓரத்திலிருந்து மெதுவாகத்தான் வரவேண்டும். வந்து சண்டை போட்டு ஜெயித்தாலும், போர் நடந்த இடம் பழையபடி தெளிவாகாது. வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். கிருமியைக் கொன்ற பிறகும் பார்வை போவது இதனால்தான்.

மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. ஒரு சின்னக் கீறல் போதும், கதவு திறந்த மாதிரி. நெல் சுணை, உமி, சோளத்தட்டை, கரும்புத் தோகை, மாட்டு வால், பக்கத்தில் விறகு உடைக்கும்போது தெறித்த சிராய் என்று எதுவாகவும் இருக்கலாம்.

வைத்தியப் புத்தகங்களில் இந்தக் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. பான் நகரத்து டாக்டர் தியோடோர் சேமிஷ் 1870ல், கருவிழியில் பாம்பு மாதிரி ஊர்ந்து பரவும் சீழ்ப்புண்ணை விவரித்தார். அவர் செய்த வைத்தியத்தைப் படித்தால் வயிறு கலங்கும். புண்ணின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கத்தியால் கருவிழியை வெட்டித் திறந்து, உள்ளே தேங்கிய சீழை வெளியேற்றுவது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து 1884ல்தான் வந்தது, வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெய்னின் அந்தக் குணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னபோது. அதற்கு முந்தைய 14 வருஷ நோயாளிகளை நினைத்துப் பாருங்கள்.

அதற்கு நடுவில், 1879ல், தியோடோர் லேபர் என்ற இன்னொரு ஜெர்மன் டாக்டர் ஒரு விவசாயியைப் பற்றி எழுதினார். கதிரடிக்கும்போது ஓட்ஸ் உமி கண்ணில் தெறித்து, கருவிழி புண்ணாகிச் சீழ் பிடித்த மனிதர். அந்தப் புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேபருக்குத் தெரிந்தது பூஞ்சை இழைகள். அஸ்பெர்ஜில்லஸ் என்ற வகை. கருவிழியைப் பூஞ்சை தாக்கும் என்று மருத்துவ உலகம் பதிவு செய்த முதல் சம்பவம் அது. ஓட்ஸுக்குப் பதில் நெல் என்று போட்டுப் படித்தால் அப்படியே தஞ்சாவூர்க் கதை.

ஆனால் குளிர் நாடுகளில் பூஞ்சைப் புண் அபூர்வம். அவர்கள் புத்தகத்தில் அது ஓர் ஓரத்துக் குறிப்பாகவே நின்றுவிட்டது. நம் டாக்டர்கள் படித்ததும் அதே புத்தகங்கள்தான். நம் ஊரில் கண் வைத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கண் மருத்துவமனை தொடங்கியது 1819ல். அதுதான் பின்னால் எழும்பூருக்கு இடம் மாறிய அரசு கண் மருத்துவமனை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகத்திலேயே பழையது என்பார்கள். இருந்தும், நம் கிராமத்துக் கருவிழிகளில் என்ன கிருமி, எவ்வளவு பேருக்கு என்ற கணக்கு ஒழுங்காகக் கிடைக்க 1990கள் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்தக் கணக்கைப் போட்ட இடம் மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதற்குள் பெரிதாக வளர்ந்திருந்தது. அங்கே கருவிழிப் பிரிவில் இருந்த டாக்டர் எம். ஸ்ரீனிவாசனும், சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக்டர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் விட்சரும் மற்றவர்களும் சேர்ந்து, 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த ஒவ்வொருவரையும் கணக்கெடுத்தார்கள். தை, மாசி, பங்குனி. மூன்றே மாதத்தில், ஒரே மருத்துவமனையில், 434 பேர்!

அவர்களில் 284 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, கண்ணில் ஏதோ பட்டது என்று சொன்னவர்கள். எல்லோருடைய புண்ணையும் சுரண்டி வளர்த்துப் பார்த்ததில் 297 பேருக்குக் கிருமி வளர்ந்தது. பாக்டீரியா மட்டும் 140 பேருக்கு. பூஞ்சை மட்டும் 139 பேருக்கு. இரண்டும் கலந்து 15, அக்கந்தமீபா என்ற ஒற்றைச் செல் பிராணி 3. அந்த 140ஐயும் 139ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்நாட்டுப் புத்தகம் ஓரத்தில் எழுதிவைத்த பூஞ்சை, மதுரையில் பாக்டீரியாவுக்குச் சரிசமமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பூஞ்சைகளில் கிட்டத்தட்ட பாதி ஃபியூசேரியம், வயல் மண்ணிலும் செடியிலும் வாழ்வது. அஸ்பெர்ஜில்லஸ் அதற்கு அடுத்து. பாக்டீரியாக்களில் முதலிடம் நிமோனியாவுக்குக் காரணமான நிமோகாக்கஸுக்கு. கண்ணீர்ப்பை அடைத்துச் சீழ் கட்டியிருப்பவர்களிடம் அது தங்கியிருக்கும். கண்ணின் மூக்கோர மூலையை அழுத்தினால் சீழ் வருகிறதா என்று டாக்டர் பார்ப்பது அதற்காகத்தான்.

இன்னொரு கணக்கும் வந்தது. மதுரை மாவட்டத்தில் 1993ல் ஒரு லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா பக்கம் எடுத்த கணக்கில் அது 11 தான். பத்து மடங்கு. விட்சரும் ஸ்ரீனிவாசனும் 1997ல் இதற்கு 'சத்தமில்லாத கொள்ளைநோய்' என்று பெயர் வைத்தார்கள். சத்தம் எப்படி வரும்? வருகிறவர்கள் கூலிக்காரர்கள், ஒருத்தர் ஒருத்தராக, ஒவ்வொரு கண்ணாக வருகிறார்கள். பேப்பரில் போடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பிற்பாடு 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்குக் கீழே பார்வை இழந்தவர்களில் 37.5 சதவீதத்துக்குக் காரணம் கருவிழி வெண்மை என்று தெரியவந்தது. அந்த வயதினருக்கு அதுதான் முதல் காரணம். சம்பாதிக்கிற வயசு.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண் சிவந்தாலே நமக்கு 'மெட்ராஸ் ஐ'. (இங்கே வடக்கில் அதை 'ஐ ஃப்ளூ' என்பார்கள். வங்காளத்தில் 1971 அகதிகள் வந்த சமயம் பரவியதால் 'ஜோய் பாங்ளா' என்றே பெயர். ஆளாளுக்கு அடுத்த ஊர்க்காரன் மேல் பழி போடுவது பழைய வழக்கம்.) மெட்ராஸ் ஐயில் கண் சிவக்கும், பீளை கட்டும், உறுத்தும், பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் வரும், ஆனால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கருவிழிப் புண் வேறு மாதிரி. பொதுவாக ஒரு கண், வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், தண்ணீராக ஊற்றுதல், பார்வை மங்கல். கண்ணாடியில் பார்த்தால் கருப்பின் மேல் வெள்ளைப் புள்ளி. இந்தக் கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலே அது மெட்ராஸ் ஐ என்று காத்திருக்கிற விஷயம் இல்லை.

டாக்டர் முதலில் ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். மேல்தோல் பிய்ந்த இடம் பச்சையாக ஒளிரும். பிறகு நாடியை வைத்து உட்காரச் சொல்லும் அந்தக் கருவி, ஸ்லிட் லாம்ப். 1911ல் ஸ்வீடன்காரர் அல்வர் குல்ஸ்ட்ராண்ட் காட்டியது. ஒளியை மெல்லிய கீற்றாக்கிக் கருவிழியைக் கேக்கை நறுக்கிய மாதிரி அடுக்கடுக்காகப் பார்க்கலாம். புண்ணின் ஓரம் இறகு மாதிரி சிலும்பியும், மேலே வறண்டும், சுற்றிலும் குட்டிப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சை என்று சந்தேகம். ஈரமாக, மஞ்சளாக, வேகமாகப் பரவினால் பாக்டீரியா. மரக்கிளை மாதிரி கிளைத்த கோடாக இருந்தால் ஹெர்பஸ் வைரஸ். அதன் கதை தனி. அதற்கு 1962ல் ஹெர்பர்ட் காஃப்மன் ஐடாக்ஸ்யூரிடின் சொட்டு விட்டுக் குணமாக்கியதுதான் வைரஸ் நோய் ஒன்றை மருந்தால் வென்ற ஆரம்ப வெற்றிகளில் ஒன்று.

ஆனால் பார்வையை மட்டும் நம்பினால் பெரிய டாக்டர்களும் ஏமாறுவார்கள். அதனால் சுரண்டிப் பார்ப்பது. கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லிய பிளேடால் வழித்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மேலே ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது மற்ற செல்களையெல்லாம் கரைத்துத் தெளிவாக்கிவிடும், பூஞ்சை இழை மட்டும் நூல் நூலாக நிற்கும். சில நிமிஷத்தில் விடை. பெரிய லேப் வேண்டாம், ஒரு மைக்ராஸ்கோப்பும் பழகிய கண்ணும் போதும். இன்னொரு சில்லில் பாக்டீரியாவுக்குக் கிராம் சாயம், மிச்சத்தை வளர்க்கத் தட்டில் போடுவது. "கண்ணைச் சுரண்டணும்னு சொல்றாங்கப்பா" என்று ஊரிலிருந்து பயந்து போன் வந்தால், அது சரியான இடத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல அடையாளம் என்று சொல்லுங்கள்.

இனி மருந்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1955ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில், ஈஸ்ட்டும் சாராயமும் செய்கிற ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், தென்னாப்பிரிக்க மண் ஒன்றைச் சோதித்தார்கள். நடால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்த மண். அதிலிருந்த ஒரு நுண்ணுயிர் பூஞ்சையைக் கொல்லும் பொருள் ஒன்றைச் சுரந்தது. ஊர்ப் பெயரில் முதலில் பிமாரிசின் என்றார்கள், பிறகு மாகாணத்தின் பெயரில் நாடாமைசின். ஆமாம், காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான். டச்சுக்காரர்கள் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? சீஸ் கட்டியின் மேல் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தடவ! இன்றும் தடவுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் சீஸ் பாக்கெட்டின் பின்னால் 235 என்ற எண் இருந்தால் இவர்தான். இதையே 5 சதவீதக் கண் சொட்டாக அமெரிக்கா 1978ல் அனுமதித்தது.

இது தண்ணீரில் கரையாது. பாட்டிலில் வெள்ளையாக அடியில் தங்கும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கி விடவேண்டும், இல்லையென்றால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் விட்டுக்கொண்டிருப்போம். விட்டபின் புண்மேல் வெள்ளையாகப் படிந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். முதல் நாட்களில் மணிக்கொரு தடவை, பிறகு மெல்லக் குறைத்து, வாரக் கணக்கில். பாக்டீரியா என்றாலும் ஆரம்பத்தில் இதே கெடுபிடிதான், ராத்திரியிலும் எழுப்பி எழுப்பி விடுவார்கள். அதற்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் மாதிரி மருந்துகள், அல்லது ஆஸ்பத்திரியிலேயே செறிவு கூட்டித் தயாரிக்கும் சொட்டுகள். மணிக்கொரு தடவை என்றால் கூட ஒரு ஆள் வேண்டும். தனியாக இருக்கும் வயசான அப்பா அம்மாவால் அது முடியாது. லீவு போட்டுப் போகவேண்டிய நோய் இது, பணம் அனுப்பி முடிக்கிற நோய் இல்லை.

எங்கள் சித்தப்பாவுக்குப் போனது இந்த இடத்தில்தான். நெல் அடிக்கும்போது சுணை விழுந்தது. தேய்த்தார், கழுவினார், மறுநாள் சிவந்தது. பக்கத்து டவுன் மெடிக்கலில் "கண் சிவப்புக்கு ஏதாவது குடுங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். கொடுத்தது ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சீட்டு கேட்கவில்லை, சுணையா தூசியா என்று கேட்கவில்லை. இரண்டு நாளில் சிவப்பு வடிந்தது, வலி குறைந்தது. "நல்ல மருந்துடா" என்று எனக்கே போனில் சொன்னார். பத்தாம் நாள் கண்ணில் வெள்ளை. மதுரைக்குப் போய்ச் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை, ஆழமாக இறங்கியிருந்தது. கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வை, முகத்துக்கு முன்னால் கை அசைவது தெரிகிற அளவுதான்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? சிவப்பும் வலியும் நம் உடம்பு போடுகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். எதிரி பூஞ்சையாக இருந்தால் அதற்கு அதைவிடக் கொண்டாட்டம் உண்டா? 1950களில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் புழக்கத்துக்கு வந்தபின் பூஞ்சைப் புண்கள் கூடியதை மேல்நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் ஸ்டீராய்டு எப்போதும் வில்லன் என்றும் சொல்லமுடியாது. பாக்டீரியாப் புண்ணில், கிருமியை அடக்கியபின் கொடுத்தால் தழும்பு குறையுமா என்று டாக்டர்கள் பல வருஷம் சண்டை போட்டார்கள். அதைத் தீர்க்க 2006 முதல் 2010 வரை 500 பேரைச் சேர்த்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பெரும்பாலானவர்கள் அரவிந்த் மருத்துவமனைகளின் நோயாளிகள். 2012ல் முடிவு வந்தது: மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மொத்தத்தில் ஸ்டீராய்டு விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. இது சுரண்டி, வளர்த்து, பாக்டீரியாதான் என்று உறுதி செய்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தபின் விட்டது என்பதை மறக்கக்கூடாது. மெடிக்கல் ஷாப் கவுன்டரில் அந்த உறுதி எங்கிருந்து வரும்?

அடுத்த பரிசோதனைதான் எனக்குப் பெருமை. 2000களில் வோரிகொனசோல் என்ற புதிய பூஞ்சை மருந்து வந்தது. விலை அதிகம், கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆய்வுக்கூடத்தில் பல பூஞ்சைகளைக் கொன்றது. நாடாமைசினோ ஊடுருவுவதில் மந்தம், பழசு. புதுசுதான் ஜெயிக்கும் என்று பலர் நினைத்தார்கள். டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் அரவிந்தும் பிராக்டரும் சேர்ந்து 2010ல் தொடங்கி 323 பேருக்குச் சீட்டுக் குலுக்கின மாதிரி பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது என்று கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. நடுவிலேயே வோரிகொனசோல் தரப்பை நிறுத்தவேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் கருவிழி ஓட்டையாவதும் அவசர ஆபரேஷனும் அதிகம். 2013ல் வெளியான முடிவில், நாடாமைசின் விட்டவர்கள் பார்வை அட்டையில் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் பிடித்தவர்களில் வித்தியாசம் நாலு வரி!

சீஸுக்குத் தடவுகிற பழைய மருந்து ஜெயித்தது. வோரிகொனசோல் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று அடுத்து 240 பேரிடம் பார்த்தார்கள், நேபாளமும் சேர்ந்துகொண்டது. மொத்தத்தில் கூடவில்லை என்று 2016ல் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017ல் நாடாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நேபாளத்தில் லஹான் ஊரில் மலிவான குளோர்ஹெக்ஸிடினை இதோடு மோதவிட்டார்கள், 2022ல் வெளிவந்த அந்த முடிவிலும் நாடாமைசின்தான். இன்று லண்டனிலோ மயாமியிலோ ஒருவர் கண்ணில் பூஞ்சை என்று போனால், டாக்டர் கை எந்தப் பாட்டிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறி மதுரைக்கு வந்த, பெயர் தெரியாத மனிதர்கள்.

இதெல்லாம் வயல்காட்டு வியாதி, நமக்கென்ன என்று நினைக்கிற நகரத்துக் குடும்பங்களுக்கு: வீட்டில் பெண்ணோ பையனோ கான்டாக்ட் லென்ஸ் போடுகிறார்களா? 2006ல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று லென்ஸ் போட்டவர்களுக்குத் திடீரென்று ஃபியூசேரியம் புண் வந்தது. விசாரித்ததில் பலரும் பாஷ் அண்ட் லாம் கம்பெனியின் ரெனியூ மாய்ஸ்சர்லாக் என்ற லென்ஸ் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். கம்பெனி மே 2006ல் அதை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணில் வயல்காட்டுப் பூஞ்சை!

அக்கந்தமீபா இன்னும் மோசம். குழாய்த் தண்ணீர், கிணறு, நீச்சல்குளம் எங்கும் இருக்கும். 1973ல் டெக்சாஸ் பண்ணைக்காரர் ஒருவரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது. பார்த்தால் சின்னப் புண், வலியோ உயிர் போகும். அந்தப் பொருத்தமின்மையே ஒரு துப்பு. ஹெர்பஸ் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து விடுவது அடிக்கடி நடப்பது. முதலில் மருந்தால் குணமாக்கியதை 1985ல் லண்டனில் எழுதினார்கள். பின்னால் கைகொடுத்ததில் ஒன்று நீச்சல்குளத்துக் கிருமிநாசினியை மிக மிக நீர்க்கச் செய்த சொட்டு. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே, போட்டுக்கொண்டு குளிக்காதே, தூங்காதே என்று டாக்டர் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வராமல் தடுக்க முடியுமா? இதற்கு அழகான பதில் நேபாளத்தின் பக்தபூரில் கிடைத்தது. டாக்டர் மதன் உபாத்யாயும் மற்றவர்களும் ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கி, கண்ணில் அடிபட்டவர்களை உடனே வரவழைத்தார்கள். கீறல் இருந்தால் குளோராம்ஃபெனிகால் களிம்பு, நாளைக்கு மூன்று தடவை, மூன்று நாள். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் 442 கீறல்கள். அதில் 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு. ஒரு நாள் தாண்டி வந்த 49 பேரில் 14 பேருக்கு. 2001ல் வெளியான இந்தக் கணக்கை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு.

மதுரைப் பக்கக் கிராமங்களிலும் இதே மாதிரி செய்து 2006ல் எழுதினார்கள், அங்கும் கீறல்கள் கிட்டத்தட்ட எல்லாமே நல்லபடி ஆறின. ஆனால் இதையே நேபாளத்தில் பெரிய அளவில், தொண்டர்கள் உள்ள ஊர், இல்லாத ஊர் என்று பிரித்து ஒப்பிட்டபோது, 2022ல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் புண் ஒரே அளவில்தான் இருந்தது. ஏன் என்று வல்லுநர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் ஊகம், தொண்டர் இருந்தால் போதாது, அடிபட்டவர் அன்றைக்கே அவரிடம் போகவேண்டும். அறுவடை நாளில் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்?

ஆகவே போனில் சொல்லவேண்டியது இது. நல்ல தண்ணீரில் கழுவலாம், தேய்க்கக்கூடாது. துணி முனை, இலை, நாக்கு எதையும் வைத்து எடுக்கக்கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அன்றைக்கே கண் டாக்டர். கையில் ஏதாவது சொட்டு இருந்தால் பாட்டிலை வாட்ஸ்ஆப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரில் டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரட்னிசொலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, டாக்டர் பார்க்கும்வரை விடவேண்டாம்.

விழுந்த பூவை எடுக்க முக்கியமான வழி கருவிழி மாற்று. ஓல்மூட்ஸ் நகரத்தில் எட்வர்ட் சிர்ம் 1905 டிசம்பரில் முதல்முறை வெற்றிகரமாகச் செய்தார், சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு. இந்தியாவின் முதல் கண் வங்கி எழும்பூரில் 1945ல், டாக்டர் ஆர்.ஈ.எஸ். முத்தையா முயற்சியில் வந்தது. 1948ல் அவரே மாற்று ஆபரேஷனும் செய்தார். புண் ஆறித் தழும்பான கண்ணில் வைக்கும் கருவிழி நன்றாக ஒட்டும் வாய்ப்பு அதிகம். சீழோடு கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணில், ஓட்டையாகிவிடாமல் இருக்க அவசரமாக வைப்பது வேறு. அது பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்ற, பார்வையைக் காப்பாற்ற அல்ல. சித்தப்பாவுக்கு வைத்தது அந்த இரண்டாவது வகை. ஆறு மாதத்தில் அதுவும் மங்கிவிட்டது. இன்னொரு தடவை வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர்தான் அறுவடை முடியட்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.